பதினாறு வயசுக்காரிக்கு ஒரு இசைப் பத்திரிகை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஆறு இங்கிலாந்திலிருந்து வந்தவை, ஆறும் கிட்டத்தட்ட ஒரே விஷயம். அங்கே ஏ லெவலில், அதாவது நம் பிளஸ் டூ மாதிரியான படிப்பில், மீடியா ஸ்டடீஸ் (ஊடகப் பாடம்) எடுக்கிற பிள்ளைகளில் பலர் ஒரு பத்திரிகையைத் தாங்களே வடிவமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

15 முதல் 18 வயது வரையுள்ள இண்டி ராக் ரசிகர்களுக்காக ஒரு இசைப் பத்திரிகையின் அட்டை, உள்ளடக்கப் பக்கம், இரண்டு பக்கக் கட்டுரை செய்ய வேண்டும். கறுப்புப் பின்னணி, கிழிந்த காகித டெக்ஸ்சர், கிட்டாரோடு ஒரு பையன் என்று செய்து காட்டினேன். "அழகாக இருக்கிறது, ஆனால் இது யாருக்கு என்று தெரியவில்லை" என்று ஆசிரியை சொல்லிவிட்டார். எங்கே தப்பு செய்தேன்?
– மாணவி, ஹாரோ

உங்கள் ஆசிரியை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். "15 முதல் 18 வரை" என்பது ஒரு கூட்டம். கூட்டத்தை நினைத்துக்கொண்டு செய்தால் எல்லாரும் செய்கிற அட்டைதான் வரும். கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரே ஒருத்தியைப் பற்றித் தாளில் எழுதிப் பாருங்கள். 16 வயது, சனிக்கிழமைகளில் ஒரு கடையில் வேலை, அந்தக் காசில் செகண்ட் ஹேண்டில் ஒரு பேஸ் கிட்டார் வாங்கிவிட்டாள், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் வாங்க இன்னும் காசு சேரவில்லை. அவளுக்குப் பிடித்த பேண்டு அடுத்த வாரம் ஊருக்கு வருகிறது, ஆனால் வாசிக்கப்போகும் இடத்தில் 18 ஆகாதவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

உங்கள் பத்திரிகைக்கான விஷயம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. 18 ஆகாதவர்கள் போகக்கூடிய நிகழ்ச்சிகள் எவை, துணைக்குப் பெரியவர் வர வேண்டுமா, டிக்கெட் எவ்வளவு, திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் தந்தால் அந்தப் பக்கத்தை அவள் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வாள். 1978இல் தொடங்கி 2006 வரை வந்த ஸ்மாஷ் ஹிட்ஸ் பாப் இசைப் பத்திரிகை, இண்டிக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனால் அது பாடல் வரிகளை அச்சிட்டது, இணையம் இல்லாத காலத்தில் அந்த வரிகள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வாசகிக்கு வேறெங்கும் லேசில் கிடைக்காதது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள், நிறமும் எழுத்துருவும் அப்புறம்.

இனி அந்தக் கிழிந்த காகிதம். இண்டி என்பது இண்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம். ஆரம்பத்தில் அது ஒரு வகை ஒலியின் பெயராக இருக்கவில்லை, இசைத்தட்டு யார் காசில் வந்தது என்பதைத்தான் அது சொன்னது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் பேண்டு, எந்தப் பெரிய கம்பெனிக்கும் காத்திருக்காமல், சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தட்டைத் தாங்களே 1000 பிரதி அடித்தார்கள். 1980இல் இப்படிச் சுயேச்சையாக வருகிற தட்டுகளுக்கென்றே பிரிட்டனில் தனி விற்பனைப் பட்டியல் வந்துவிட்டது. பத்திரிகையிலும் இதே கதைதான்: 1976இல் லண்டனில் வங்கி குமாஸ்தாவாக இருந்த மார்க் பெர்ரி பங்க் இசைக்காக 'ஸ்னிஃபின் க்ளூ' என்று ஒன்றை ஆரம்பித்தார். சிறு பிள்ளைகளின் டைப்ரைட்டரில் அடித்து, தலைப்புகளை ஃபெல்ட் பேனாவால் கையாலேயே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்து விற்றார். முதல் இதழ் சுமார் 50 பிரதிதான். அதன் கரடுமுரடு யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்த ஸ்டைல் இல்லை, கையில் இருந்த சாமான் அவ்வளவுதான், சொல்ல வந்ததோ அவசரமான விஷயம். அந்தக் கரடுமுரடை இன்றைக்கு ரெடிமேடாக டவுன்லோட் செய்து ஒட்டினால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், அதே கிழிசலை அவர்கள் இன்னும் நூறு போஸ்டரில் பார்த்திருப்பார்கள்.

ஆகவே கிழிந்த காகிதம் வேண்டும் என்றால் காகிதத்தைக் கிழித்து ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் பள்ளி பேண்டு எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று எழுதிவைத்த கசங்கிய தாள், உள்ளே விடும்போது மணிக்கட்டில் கட்டிவிட்ட பேப்பர் பட்டை, நுனி உடைந்த டிரம் குச்சி, அறுந்துபோன கிட்டார் கம்பி, எல்லாவற்றையும் ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். அந்தப் படங்கள் உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது, அதுதான் உங்கள் இண்டி.

அட்டையில் ஒரே ஒரு பெரிய படம் போதும், பார்வை நேராக நம்மை நோக்கி இருக்கட்டும். கறுப்பைத் தவிர இன்னும் இரண்டு நிறங்கள், அதற்குமேல் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் அட்டை வரிகள் நான்கைந்து வைத்து, அவற்றில் பெரியதாக அந்த "18 ஆகாதவர்களும் போகலாம்" பட்டியலைப் போடுங்கள். விலை, தேதி, பார்கோடு மூன்றும் கட்டாயம், அவை இல்லாவிட்டால் போஸ்டர் போலத் தெரியும். விலையை அவளுடைய சனிக்கிழமைச் சம்பளத்தை நினைத்து வையுங்கள்.

பெயர்தான் வரமாட்டேன் என்கிறது. ராக், சவுண்ட், நாய்ஸ் என்று மூன்று சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.
– மாணவர், லெஸ்டர்

அந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். 1981இல் வந்த 'கெராங்' பெயருக்கு அகராதியில் அர்த்தம் தேட முடியாது, மின் கிட்டாரை ஓங்கி அடித்தால் வருகிற சத்தம் அது. 1986இல் வந்த 'க்யூ' பத்திரிகைக்கு முதலில் யோசித்த பெயர் 'Cue', இசைத்தட்டில் முள்ளைச் சரியான இடத்தில் வைப்பதைக் குறிக்கும் சொல். ஸ்னூக்கர் கோலுக்கும் அதே சொல்தான், அப்படியே எழுதினால் ஸ்னூக்கர் பத்திரிகை என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் 'Q' என்று ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்கள். பிறகு அந்த ஒரு எழுத்தே சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளையாக நின்று கடை அலமாரியில் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது. உங்கள் நண்பர்கள் ஒத்திகை அறையில் தினமும் சொல்கிற சொல் ஏதாவது இருக்கும், அதிலிருந்து எடுங்கள். சின்னதாக இருக்கட்டும், அகலமாகப் போட முடியும். வைப்பதற்கு முன் அதே பெயரில் வேறு பத்திரிகை இருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

கிறுக்கலான, அழுக்கான எழுத்துருக்கள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டுரை முழுவதையும் அதிலேயே போடலாமா? டேவிட் கார்சன் படிக்கவே முடியாத எழுத்தில் போட்டாரே?
– மாணவி, பர்மிங்ஹாம்

போட்டார். 1992இல் தொடங்கிய 'ரே கன்' என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் வடிவமைப்பாளர் அவர். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி ரொம்பச் சலிப்பாக இருக்கிறது என்று நினைத்து, முழுப் பேட்டியையும் எழுத்துகளே இல்லாத, வெறும் குறிகள் மட்டும் உள்ள ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் போட்டுவிட்டார். ஆனால் அதே இதழின் பின்பக்கத்தில் அந்தப் பேட்டி படிக்கிற மாதிரியும் அச்சாகியிருந்தது. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

உங்கள் பேட்டி சலிப்பானதா? இல்லையென்றால் அதைப் படிக்க விடுங்கள். கிறுக்கல் எல்லாம் தலைப்பிலும் பெரிதாக எடுத்துப் போடும் மேற்கோளிலும் இருக்கட்டும், இயன்றால் உங்கள் கையெழுத்திலேயே. கட்டுரையின் உடலுக்குச் சாதாரணமான, தெளிவான ஒரு எழுத்துரு, 9 அல்லது 10 புள்ளி (பாயின்ட்) அளவு, வரிக்கு வரி 12 புள்ளி இடைவெளி, ஏ4 பக்கத்தில் மூன்று செங்குத்துப் பத்தி. கறுப்பின்மேல் வெள்ளை எழுத்து போட்டால் கொஞ்சம் தடிமன் கூட்டுங்கள், மெல்லிய கோடுகளை அச்சு மை விழுங்கிவிடும். உடல் பகுதி அமைதியாக இருந்தால்தான் தலைப்பின் சத்தம் கேட்கும்.

எனக்குப் பிடித்த பேண்டின் படத்தை கூகுளில் எடுத்துப் போடலாமா?
– மாணவர், கோவென்ட்ரி

வேண்டாம். படத்தின் உரிமை அதை எடுத்தவருடையது, தேர்வு வாரியங்களும் நீங்களே எடுத்த படங்களைத்தான் எதிர்பார்க்கின்றன. உங்கள் பள்ளியில் கட்டாயம் ஒரு பேண்டு இருக்கும். அவர்களை மேடை விளக்கில் எடுக்காதீர்கள், மேகம் மூடிய மதியத்தில் வெளியே நிறுத்துங்கள், உங்கள் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை, முகத்தில் விழும் வெளிச்சம் மிருதுவாக இருக்கும். போனை நெடுக்குவாக்கில் பிடித்து, ஜூம் பண்ணாமல் கிட்டப் போய் எடுங்கள், தலைக்கு மேலே பெயருக்காக இடம் விடுங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு ஏ4 அட்டைக்கு 2480க்கு 3508 பிக்சல் போதும், 12 மெகாபிக்சல் போனே அதைத் தாண்டும். படத்தைப் போட அவர்களிடமும் வீட்டாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பேட்டியும் அவர்களோடேயே இருக்கட்டும். "உங்கள் இன்ஸ்பிரேஷன் யார்" என்று கேட்டால் பதில் ஒரு பெயர்ப் பட்டியலாக வரும். "ஆம்ப் யாருடையது, கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள், பக்கத்து வீட்டில் யார் வந்து கதவைத் தட்டினார்கள்" என்று கேட்டால் கதை வரும்.

மகள் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கத்தரிக்கோலும் பசையுமாக இருக்கிறாள். கேட்டால் படிப்பு என்கிறாள். கணக்கும் கெமிஸ்ட்ரியும் எடுத்த பிள்ளை இதையும் சேர்த்து எடுத்திருக்கிறாள். இது படிப்பா, தம்பி?
– ஒரு தந்தை, ஈஸ்ட் ஹாம்

படிப்புதான் அண்ணா. ஏ லெவல் மீடியா ஸ்டடீஸில் 30 சதவீத மதிப்பெண் இந்தச் செய்முறை வேலைக்குத்தான், மீதி 70 எழுத்துத் தேர்வுக்கு. ஒரு மணி வரை விழிப்பது நல்லதில்லை, அதை மட்டும் சொல்லுங்கள், கத்தரிக்கோலை வாங்கி வைக்காதீர்கள்.

பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தை எம்.ஐ.ஏ. என்ற பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, அகதியாக மறுபடி லண்டன் வந்த பிள்ளை. அவர் பாட்டு படிக்கப் போகவில்லை, சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது சினிமா. இலாஸ்டிகா என்ற இண்டி ராக் பேண்டின் பாடகி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் அவரிடம் ஆல்பம் அட்டை ஒன்றைச் செய்யக் கேட்டார். 2000இல் வந்த 'தி மெனஸ்' ஆல்பத்தின் அட்டை அப்படி வந்ததுதான். பிறகு அந்த பேண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கக் கூடவே போனார், அங்கே உடன் வந்த பீச்சஸ் என்ற பாடகி அவருக்கு ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக் கருவியைக் காட்டினார், பாட்டு ஆரம்பித்தது அதில்தான். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தன் தந்தை ஈழப் போராட்ட இயக்கத்தில் வைத்துக்கொண்ட 'அருளர்' என்ற பெயரையே வைத்தார்.

உங்கள் மகளும் அப்படி ஆவாள் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கத்தரிக்கோல் வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் சொன்னேன். இன்றைக்கு இரவு பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் யாருக்கு என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு விளங்கும்படி அவள் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பிரிட்டனின் பிரபல இசை வார இதழான என்எம்இயே அச்சை நிறுத்திவிட்டதே, பிறகு எதற்கு இன்னும் காகிதம்? சரி, அச்சடிப்பதென்றால் எப்படி? என்னிடம் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருள் இல்லை.
– மாணவர், லீட்ஸ்

1952இல் தொடங்கிய என்எம்இ 2015இல் இலவச இதழானது, 2018 மார்ச்சில் வார அச்சு நின்றது, உண்மைதான். ஆனால் 2023இல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று காகிதத்துக்கே திரும்பி வந்தது. செய்திக்குக் காகிதம் தேவையில்லை, வைத்துக்கொள்வதற்குத் தேவை.

ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருளில் முழுப் பத்திரிகையையும் செய்யலாம். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும்: ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம், 16 பக்கத்துக்கு நான்கு தாள், நீளக்கை ஸ்டேப்ளரால் முதுகில் இரண்டு பின். ஓரம் வரை போகும் படத்துக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. திரையில் எரிகிற ஃப்ளோரசன்ட் பச்சையும் பிங்க்கும் சாதாரண நான்கு வண்ண அச்சில் மங்கிப்போகும், அந்த நிறம்தான் வேண்டும் என்றால் அதே நிறக் காகிதம் வாங்கிக் கறுப்பு மையில் அடியுங்கள், அழகாக இருக்கும், செலவும் குறைவு.

இன்னொன்று. மாணவனாக இருந்தபோது நான் செய்த கல்லூரி மலரில் ஒரு பாடகியின் முகத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாக விரித்திருந்தேன். திரையில் பிரமாதமாக இருந்தது. பசை பைண்டிங்கில் வந்தபோது மூக்கும் பாதி வாயும் மடிப்புக்குள் போய்விட்டன, 400 பிரதியிலும். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்த நண்பனிடம் இதழை நீட்டிய நிமிடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முகத்தை ஏதாவது ஒரு பக்கத்துக்குத் தள்ளி வையுங்கள், கிட்டாரின் கழுத்து மடிப்பைக் கடந்து போகட்டும். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, கையில் புரட்டிப் பாருங்கள்.