இதய நோய் உள்ள பழைய நாடக நடிகரைப் பேச வைத்துப் பதிவு செய்யலாமா?

உங்கள் பெரியப்பா ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாக, நடித்தவர், இப்போது இதயம் பலவீனமாக இருக்கிறது, தன் மேடை அனுபவங்களைப் பதிவு செய்யச் சொல்கிறார், வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரே கேட்கிறார் என்றால் தாராளமாகப் பதிவு செய்யுங்கள்.

என் அம்மா ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது ராத்திரி முழுக்க நடக்கும் இசை நாடகத்தில், ஸ்திரீபார்ட் (கதாநாயகி). புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் விடிய விடியப் பாடியவர். மாரடைப்புக்குப் பிறகு அவருடைய இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 35 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 50க்கு மேல் இருக்க வேண்டியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அந்த நிலையில்தான், "நான் பேசுறத அந்த போன்ல பிடிச்சு வை" என்றார். சித்தி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மாவை வைத்து நான் பேர் வாங்கப் பார்க்கிறேனாம். இங்கேயும் யாராவது அதையே சொல்லக்கூடும் என்பதால் சொல்கிறேன்: டாக்டரிடம் கேட்டுத்தான் ஆரம்பித்தோம். உட்கார்ந்து பேசலாம், மூச்சை அடக்கி உச்சத்தில் நின்று பாட வேண்டாம் என்றார். நான் மருத்துவர் இல்லை, உங்கள் பெரியப்பாவின் நிலை வேறாக இருக்கலாம். அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், போட்ட பிறகு சில மணி நேரம் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். அதனால் நாங்கள் சாயங்காலம்தான் உட்காருவோம். முதுகுக்குத் தலையணை, காலைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூல். கால் வீங்கினாலோ, ஓரிரு நாளில் எடை சட்டென்று ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்குப் பதிவு கிடையாது, டாக்டருக்குத்தான் முதல் போன். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்குப் பாட்டு வந்துவிடும். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவர், இப்போது ஆர்மோனியத்தை மூன்றுக்கு இறக்கிக்கொண்டு ஓர் அடி பாடிவிட்டு நிறுத்திவிடுவார். அதை நான் தடுத்ததில்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. பாட்டை விட்டுவிட்டு தர்க்கத்தை, அதாவது மேடையில் கேள்வியும் பதிலுமாக வாதாடுவதை, கேளுங்கள். வள்ளி திருமணத்துப் பாட்டுகள் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார், அவர் எழுதியது இன்றும் கிடைக்கிறது. ஆனால் நாரதரும் வள்ளியும் மேடையில் மாறி மாறி மடக்குவது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இருக்காது. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் சந்திப்பார்கள். எதிராளி எந்தக் கேள்வி போடுவார், பதில் தெரியாவிட்டால் எந்தப் பாட்டுக்குள் நுழைந்து தப்பிப்பது, ஆர்மோனியக்காரருக்குக் கண்ணால் என்ன சொல்வது என்பதெல்லாம் அவரவர் தலையில்தான் இருக்கிறது. நாடக மேடையில் பாடி நடித்த கிட்டப்பா 1933-இல் 27 வயதில் போய்விட்டார். அவர் குரல் இசைத்தட்டில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடும் தட்டு அது. அவரும் அவரோடு ஜோடியாக நடித்த கே.பி.சுந்தராம்பாளும் ஒரு ராத்திரி முழுக்க எப்படி வாதாடினார்கள் என்பதை இன்று யாராலும் கேட்க முடியாது. எனக்கு அது தீராத வருத்தம்.

அம்மாவுக்கு நலிந்த கலைஞர் உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அலைந்த கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நடித்ததற்குச் சான்றாகப் பழைய நாடக நோட்டீஸ்களைக் கேட்டார்கள். வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்த பெண் நோட்டீஸை எங்கே பத்திரப்படுத்துவாள்? நாடகக்காரி என்று தெரிந்ததுமே வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் உண்டு. ராஜபார்ட்டாக நடித்த ஆண்களுக்கு அந்தத் தொல்லை வந்ததாக நான் கேட்டதில்லை. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

சரி, போன் விஷயம். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், மடித்த துண்டின் மேல் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஆரம்பத்தில் தேதி, அவர் பெயர், எந்த நாடகம் என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இடையில் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்வியை அவசரமாகப் போடாதீர்கள், பெரும்பாலும் அவரே தொடர்வார். அன்றன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். தடுக்கிறவர்களில் ஒருவரைக் கூடவே உட்கார வையுங்கள். சித்தி இப்போது எதிர்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த அரிமளம் ஊர் நாடகத்தைச் சொல்லுக்கா" என்று எடுத்துக் கொடுக்கிறார்.