திருச்செந்தூரில் கழற்றாத சட்டை

அன்புள்ள ஐயா,

என் இளைய மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஆறாம் வகுப்பில் 52 கிலோ இருந்தவன் இப்போது 88 கிலோ இருக்கிறான். கல்லூரிக்குப் போகும் அவன் அண்ணனே 61 கிலோதான். இவன் யாரோடும் பேசுவதில்லை. வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியை புகார் சொல்கிறார். இரவில் அடுத்த அறைக்குக் கேட்கும்படி குறட்டை விடுகிறான். என் கணவர் அவனைச் செல்லமாக ‘அண்டா’ என்று கூப்பிடுவார். முன்பெல்லாம் சிரிப்பான், இப்போது எழுந்து போய்விடுகிறான். சென்ற மாதம் திருச்செந்தூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும் என்றதும், முடியாது என்று வெளியிலேயே நின்றுவிட்டான். அவன் அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை. செல்போனும் பரோட்டாவும்தான் காரணம், அல்லது தைராய்டாக இருக்கலாம். முதலில் எடையைக் குறைத்தால் மனம் தானாகச் சரியாகுமா, அல்லது மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போக வேண்டுமா?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று இடங்களில் கிலோக் கணக்கு இருக்கிறது. பிள்ளையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெயரை மறைக்க விரும்பினீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்கு என்ன பிடிக்கும், எதில் கெட்டிக்காரன், முன்பு யாரோடு விளையாடினான் என்பதும் இல்லையே.

வழக்கமாக இத்தகைய கடிதங்களுக்கு மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் கண்டது மனத்தில் கிடப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் இலையில் இரண்டாம் முறை பாயசம் ஊற்ற வந்தவரை அவளுடைய பெரியம்மா தடுத்து, “அவளுக்கு வேண்டாம், அப்புறம் மண்டபக் கதவை இடிக்க வேண்டியிருக்கும்” என்றார். பந்தியே சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெண்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். பல ஆண்டுகள் அதைச் சிரித்தவன் நான்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது சீருடைக்கு அளவெடுக்கத் தையல்காரர் பள்ளிக்கே வந்தார். வராந்தாவில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் டேப்பைச் சுற்றி இன்ச் கணக்கை உரக்கச் சொல்ல, ஒரு மாணவன் நோட்டில் குறித்துக்கொள்வான். என் இடுப்பை இரண்டு முறை அளந்துவிட்டு “முப்பத்தாறு” என்றார். எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, “அண்ணே, இடுப்பா, உசரமா?” என்று கேட்டான். அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் முப்பத்தாறு. கணக்கு வகுப்பில் ஆறின் வர்க்கம் என்ன என்று ஆசிரியர் கேட்டால் பதில் சொல்லாமல் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் தம்பி. அதை வீட்டில் நிலைக்க வைத்தவர் அப்பா. அவர் கெட்டவர் அல்லர். எனக்குக் காய்ச்சல் கண்டால் இரவு முழுவதும் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருப்பவர். கேலி செய்தால் ரோஷம் வந்து பையன் இளைத்துவிடுவான் என்பது அவர் நம்பிய வைத்தியம்.

ரோஷம் வந்தது. அந்த ரோஷத்தில் நான் கற்றுக்கொண்டது, முறுக்கைச் சத்தமில்லாமல் தின்பதை. சம்படத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் ஓசை எழாது. முறுக்கைக் கடிக்கக் கூடாது. நாக்கில் வைத்து ஊறவிட்டு மேலண்ணத்தில் அழுத்தினால் தானாக உடையும். ஒரு முறுக்குக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். எல்லோர் முன்னிலையிலும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவேன், “பரவாயில்லை, திருந்திவிட்டான்” என்பார் அப்பா. இரவில் இருட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு ஏழெட்டு முறுக்கை ஊறவைப்பேன்.

இதை என் வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2,379 சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துத் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. 10 வயதில் ‘நீ ரொம்பக் குண்டு’ என்று பிறர் சொல்லக் கேட்ட சிறுமிகள் 19 வயதில் உடற்பருமனோடு இருக்கும் வாய்ப்பு, அப்படிக் கேட்காதவர்களைவிட அதிகமாக இருந்தது. தொடக்கத்தில் அவர்கள் இருந்த எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். சொன்னவர்கள் வெளியாராக இருந்ததைக் காட்டிலும் வீட்டாராக இருந்தபோது அந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. உங்கள் கணவர் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்கட்டும்.

‘செல்லமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரின் தலை எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் தந்தை அவரைச் சம்பந்தி வீட்டார் நடுவில் ‘சொட்டை’ என்று தினமும் செல்லமாகக் கூப்பிட்டால், எத்தனை நாள் அவர் உங்கள் பிறந்த வீட்டுப் படியேறுவார்? பிள்ளைக்கு எழுந்து அடுத்த அறைக்குப் போவதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அந்தப் பெயர் இன்றிரவோடு நிற்க வேண்டும். அண்ணனோடு ஒப்பிடுவதும், விருந்தாளி வந்தால் அவன் தட்டைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டுவதும் அதோடு சேர்ந்து நிற்க வேண்டும். எடை குறைந்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

2003இல் வெளியான இன்னோர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிகை உடற்பருமனுக்காக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 106 பிள்ளைகளிடம், நடப்பது, ஓடுவது, நண்பர்கள், பள்ளி, மனநிலை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுடைய வாழ்க்கைத்தரம் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுடையதை ஒத்திருந்தது. எல்லாப் பருமனான பிள்ளைகளுக்கும் இதைப் பொருத்த முடியாது. அது கடுமையான பருமன் கொண்டவர்களிடம் நடந்த ஆய்வு. என்றாலும், புற்றுநோய் வந்த பிள்ளையைப் பார்க்க வருபவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வருகிறார். இந்தப் பிள்ளையைப் பார்க்க வருபவர் வாசலிலேயே, “என்னப்பா, எந்தக் கடை அரிசி?” என்கிறார்.

அதே ஆய்வில், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. ஆகவே நீங்கள் போகிறபோக்கில் எழுதிய குறட்டையை நான் போகிறபோக்கில் விட மாட்டேன். இரவெல்லாம் மூச்சு தடைபட்டுத் தடைபட்டு விழித்தெழுபவன் வகுப்பில் தூங்காமல் என்ன செய்வான்? அதைச் சோம்பேறித்தனம் என்று ஆசிரியை நினைப்பதற்கு முன்பு குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு உண்டா இல்லையா என்பது அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பரோட்டாவையும் செல்போனையும் பற்றி ஊரே பேசுகிறது, நான் வேறு எதற்கு. உங்கள் காலத்தில் இல்லை என்பதும் சரியன்று. அந்தக் காலத்து முப்பத்தாறுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

எடையா, மனமா, எது முதலில் என்றீர்கள். வெட்கத்தில் சுருண்டு கிடப்பவனை மைதானத்துக்கு அனுப்ப முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆலோசகரிடம் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். பருமனான பையன்களுக்கு அந்த வயதில் மார்பில் சதை வைப்பது சாதாரணம். அவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. நான் பாதிப் பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, இரண்டு ஆண்டுகள் பனியனுக்கு மேல் பனியன் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். உங்கள் மகன் முருகனை மறுக்கவில்லை. வரிசையில் நிற்கும் அத்தனை பேர் கண்ணிலும் படுவதைத்தான் மறுத்தான். நீங்கள் தரிசனம் முடித்து வெளியே வர எப்படியும் சில மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான், கடல் பக்கம் போனானா, ஏதாவது சாப்பிட்டானா? அவன் அப்பாவின் கோபம் கடிதத்தில் இருக்கிறது, இது இல்லை. அவனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.