ஹாங்காங் 1967: சரக்கை அனுப்பியவர்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஹாங்காங்கை ஆண்ட பிரிட்டிஷாரை எதிர்த்து இடதுசாரிகள் நடத்திய 1967 கலவரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தெருவெல்லாம் குண்டு, எல்லைக்கு அப்பால் மாவோவின் சீனா. அப்படியும் வெளிநாட்டு வியாபாரிகள் ஹாங்காங்கைக் கைவிடவில்லை என்கிறீர்கள். ஆளுநர் டேவிட் டிரெஞ்சின் அரசு செய்த பிரசாரம்தான் காரணமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பிரசாரம் நடந்தது உண்மை. அக்டோபர் கடைசியில் ‘ஹாங்காங் வாரம்’ கொண்டாடி உள்ளூர்ச் சரக்கையெல்லாம் கடைவிரித்தார்கள். ஆனால் அமெரிக்காவில் இருந்து சட்டைக்கு ஆர்டர் கொடுத்தவருக்கு, சொன்ன தேதிக்குச் சரக்கு வந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். இறங்கியது. 1966ஐ விட 1967இல் ஏற்றுமதி கூடத்தான் செய்தது.

அந்தத் தேதியைக் காப்பாற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் நான்கு நாளைக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். வாளி, டின் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். போகிற வழியில் ‘அன்னாசி’ கிடக்கலாம். நாட்டுவெடிகுண்டுக்கு ஊரார் வைத்த பெயர் அது. சந்தேகப்பட்டுப் போலீஸ் எடுத்தவை சுமார் 8,000. அதில் 1,100க்கு மேல் நிஜக் குண்டுகள். ஆகஸ்ட் 20 அன்று நார்த் பாயிண்டில் 8 வயது அக்காவும் 2 வயதுத் தம்பியும் அப்படியொரு குண்டில் செத்துப்போனார்கள். அதற்கு அப்புறமும் தறிகள் ஓடின. கையில் காசு இருந்தவர்களில் பலர் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பலேறினார்கள். கூலிக்காரர்களுக்குப் போக இடம் ஏது?

சரி, லண்டன் என்ன செய்தது? நவம்பர் 18 அன்று பவுண்டின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தது. ஹாங்காங்கின் கையிருப்பு பெரும்பாலும் பவுண்டில்தான் இருந்தது. ஆறு மாதம் தாக்குப்பிடித்த ஊரின் சேமிப்பில் ஒரு பகுதி ஒரே இரவில் கரைந்தது. முதலில் ஹாங்காங் டாலரையும் கூடவே இறக்கினார்கள்; சில நாட்களிலேயே அதை 10 சதவீதம் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஹாங்காங்கின் பணத்துக்கு விழுந்த பெரிய அடி, அதை ஆண்ட பிரிட்டிஷார் கையால் விழுந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மே மாதம் இதெல்லாம் தொடங்கியது சான் போ காங்கில், ஒரு பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையில். அங்கிருந்த தொழிலாளிகளின் குறை நியாயமானது. குண்டு வைத்தவர்கள் அந்த நியாயத்தைக் கெடுத்தார்கள். ஆனாலும் அரசு அதை அடியோடு மறந்துவிட முடியவில்லை. பெண்களுக்கும் இளையோருக்கும் வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1971இல் வாரம் 48 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்புடன்