சவரக்கத்தி தீட்டுதல்: கேள்வி பதில்

காரைக்குடி வாசகர்: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மானிய நகரமான சோலிங்கனின் முத்திரையிட்ட சவரக்கத்தி ஒன்று வாங்கினேன். எந்தக் கல்லில் தொடங்குவது, ஐயா?

கல்லுக்கு முன் கத்தியைப் பாருங்கள், தம்பி. வாயோரத்தில் மயிரிழை வெடிப்போ ஆழமான துருக்குழியோ இருந்தால் அதை அலமாரியில் வைத்துவிடுங்கள். குறையில்லாத கத்தியென்றால் 1000 எண் கல்லை (எண் கூடக்கூடக் கல் நைசாகும்) நனைத்து, முதுகும் வாயும் ஒருசேரப் படியும்படி கத்தியைக் கிடத்தி, வாய் முன்செல்லத் தள்ளுங்கள். கடைசியில் முதுகை ஊன்றிப் புரட்டி, மறுபுறத்தை அவ்வாறே இழுங்கள். கோணத்தை முதுகின் தடிமனே தீர்மானித்துவிடுவதால் கையால் கோணம் பிடிக்க வேண்டியதில்லை, அழுத்தவும் வேண்டாம். வாயோரம் மார்க்கர் மை பூசி நாலைந்து முறை தேய்த்தால், மை மிஞ்சிய இடமெல்லாம் கல் படாத இடம் என்று தெரிந்துவிடும். இருபுறச் சரிவும் அடிமுதல் நுனிவரை ஒரே கோட்டில் கூடி, முன்கை மயிரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வழிக்கும்வரை 1000ஐ விட்டு நகராதீர்கள். பிறகு 4000, 8000, 12000 என்று ஏறுவதெல்லாம் மெருகு. கூடாத வாயை 12000 கூட்டித் தராது. சாணைச் சக்கரத்திடம் மட்டும் போகாதீர்கள்.

தேவகோட்டை வாசகர்: ஏன் போகக்கூடாது? எங்கள் தெருவுக்கு வரும் சாணைக்காரர் கைதேர்ந்தவர்.

அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவரே சரி. ஆனால் இருபுறமும் குழித்து மெலிந்த சவரக்கத்தியின் வாய் சக்கரத்தில் நொடியில் சூடேறிவிடும். அதில் நீலம் பாய்ந்தால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது, எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள்.

ஆத்தங்குடி வாசகர்: கல்லின் முகத்தைச் சமமாக்குவது எப்படி?

உங்கள் ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? தளக்கல் வார்க்கும் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் 320 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, கோடுகள் முழுதும் அழியும்வரை தேயுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: வீட்டில் கிடக்கும் கடப்பைக்கல் தீட்டுக்கல்லாக ஆகுமா?

ஆகாது.

கானாடுகாத்தான் வாசகர்: அப்பச்சியின் கத்தி முதுகில் பொன்வேலைப்பாடு உள்ளது. இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டலாமா?

தாராளமாக ஒட்டலாம். டேப் தேயத்தேய மாற்றுங்கள்.

கோட்டையூர் வாசகர்: இதை ஏற்க முடியாது. முதுகும் வாயும் சேர்ந்து தேய்ந்தால்தான் கோணம் மாறாது. டேப் என்பது செய்தவனின் கணக்கைக் கலைப்பது.

கணக்கு சரிதான், எவ்வளவு கலைகிறது என்றும் பாருங்கள். டேப் 0.15 மி.மீ. தடிமன் என்றால் இருபுறமும் சேர்த்து 0.3 மி.மீ.; 17 மி.மீ. அகலக் கத்தியில் கோணம் ஏறத்தாழ 1 டிகிரி கூடும். சவரத்தில் அது தெரியாது. ஆனால் ஒருமுறை டேப்போடு தீட்டிய கத்தியை அடுத்த முறை டேப் இல்லாமல் கிடத்தினால், சரிவு முழுதும் தேயும்வரை வாயின் விளிம்பில் கல் படாது.

கானாடுகாத்தான் வாசகர்: டேப் ஒட்டாமல் தீட்டி முதுகு தட்டையாகிப்போன கத்திகளைக் கோட்டையூர்க்காரர் பார்த்ததில்லை போலும்.

கோட்டையூர் வாசகர்: அது கையின் குற்றம், டேப் இல்லாத குற்றமன்று.

இதில் நான் கோட்டையூர் பக்கம். அப்படித் தட்டையாவது பெரும்பாலும் அழுத்தித் தேய்ப்பதால்தான். அன்றாடக் கத்திக்கு நான் டேப் ஒட்டுவதில்லை. பொன்வேலைப்பாடு உள்ளதற்கு ஒட்டாமல் விடுவதும் இல்லை. இருவரும் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

புதுவயல் வாசகர்: தோல்வாரில் தேய்க்கும்போதும் வாய் முன்செல்ல வேண்டுமா?

கூடவே கூடாது, தோல் அறுபடும், வாயும் மழுங்கும். அங்கே முதுகு முன்செல்ல வேண்டும். புரட்டும்போதும் முதுகு தோலை விட்டு எழக்கூடாது. வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும், இழுத்துப் பிடியுங்கள்.

காரைக்குடி, மற்றொருவர்: நேராக 8000 எண் கல் வாங்கினால் செலவு மிச்சமல்லவா?

முதல் பதிலைப் படியுங்கள்.

செக்காலை வாசகர்: சலூனில் பாதி பிளேடு மாட்டும் கத்தியை எந்த எண்ணில் தீட்டுவது?

பிளேடை மாற்றுங்கள்.

தேவகோட்டை வாசகர்: மெதுவாகச் சுற்றும் சக்கரம் என்றால்?

வேண்டாம்.