பச்சைத் தண்ணீரில் மீன் எப்போது வரும்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினம் அருகே நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மீன்களுக்காகத் தண்ணீருக்கடியில் வைத்திருக்கும் கேமராவின் நேரலையை எட்டாம் வகுப்புக்குக் காட்டி வருகிறேன். மூன்று வாரமாக, மதிய உணவு முடிந்து இரண்டு மணிக்கு அரை மணி நேரம் பார்க்கிறோம். பச்சைத் தண்ணீரும் மிதக்கும் தூசியும்தான் தெரிகின்றன. ஒரே ஒரு மீன் வந்தது. பிள்ளைகள் கத்தி முடிப்பதற்குள் போய்விட்டது. எப்போது பார்க்க வேண்டும்? என்ன மீன் என்று எப்படிச் சொல்வது? இதுபோல் நெடுங்கல் அணைக்கட்டில் ஒன்று வைக்க முடியுமா?

பதில்: உங்கள் கேமராவில் கோளாறு இல்லை, பிள்ளைகளின் கண்ணிலும் இல்லை. அந்த இரண்டு மணியில்தான் சிக்கல். நமக்கு மதியம் இரண்டு என்றால் ஏப்ரலில் உட்ரெக்டில் காலை பத்தரை. நன்றாக விடிந்துவிட்ட நேரத்தில் ஆற்று மீன் திறந்த தண்ணீரில் அதிகம் அலையாது; கரையோர நிழலிலோ ஆழத்திலோ ஒதுங்கிவிடும். அங்கே இடம்பெயரும் மீன்களில் பல இருட்டையும் இருட்டை ஒட்டிய நேரத்தையும்தான் நம்புகின்றன.

ஆகவே அவர்களுடைய விடியலைப் பிடியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அதற்குப் பிறகு கடிகாரத்தை மாற்றிவிடுவதால் மூன்றரை மணி நேரம். மார்ச் நடுவில் அங்கே சூரியன் எழும்போது நமக்குக் காலை பதினொன்றேகால். ஏப்ரலில் பத்து, பத்தரை. நல்ல வேளையாக அது பள்ளி நேரம். அந்த நேரத்துப் பாடவேளையில் இருபது நிமிடத்தை ஒதுக்கினால் போதும். அவர்களுடைய அந்தி நமக்கு நள்ளிரவு. அதை உங்கள் வகுப்பில் தூக்கம் வராத பிள்ளை யாராவது வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும். பருவமும் முக்கியம். மார்ச் தொடக்கத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும், மீன் குறைவு. தண்ணீர் சூடேற ஏறக் கூட்டம் கூடும். மே முடிந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அது படகு போய்வரக் கதவு வைத்த பழைய மதகு. வசந்த காலத்தில் படகு குறைவு, கதவு மூடியே கிடக்கும். முட்டையிட மேலே போக வேண்டிய மீன்கள் கதவுக்கு முன்னால் வந்து காத்து நிற்கும். நிற்கும் மீனை நீர்ப்பறவை கொத்திக்கொண்டு போகும். 2021இல் ஒரு ஏற்பாடு தொடங்கியது: உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேமராவைப் பார்க்கலாம், மீன் தெரிந்தால் திரையில் உள்ள மணியை அழுத்தலாம். போதுமான மீன் சேர்ந்ததும் மதகுக்காரர் கதவைத் திறந்துவிடுவார். காவேரிப்பட்டினத்துப் பிள்ளை அழுத்தும் மணிக்கு உட்ரெக்டில் கதவு திறக்கலாம். இதைச் சொல்லிவிட்டால் அரை மணி நேரப் பச்சைத் தண்ணீரும் அவர்களுக்கு அலுக்காது என்று நினைக்கிறேன்.

மீனை அடையாளம் காண நிறத்தை நம்பாதீர்கள். கலங்கல் தண்ணீரில் எல்லாம் சாம்பல்தான். உருவத்தைப் பாருங்கள். முதுகுத் துடுப்பு வால் பக்கமாகத் தள்ளிப்போய், மூக்கு வாத்தின் அலகுபோல் நீண்டிருந்தால் அது பைக். விலாவில் இருண்ட பட்டைகள், முதுகில் முள் விரிந்தால் பெர்ச். பக்கவாட்டில் பார்க்கும்போது தட்டை நிறுத்தி வைத்ததுபோல் உயரமாக, திரும்பும்போது கோடாக மெலிந்தால் பிரீம். பாம்புபோல் நெளிந்தால் அது விலாங்குதான். நம்முடைய விலாங்குக்கு ஐரோப்பியச் சகோதரன்.

பகல் வேளையிலேயே மீன் வேண்டும் என்றால் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று நேரலைக்குப் போங்கள். அங்கே பான்வில் அணையில் மீன் ஏணி இருக்கிறது: படிப்படியாகத் தொட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மீன் தாவியோ நீந்தியோ ஏறும். 1938 முதல் அங்கே மீன்களை எண்ணி வருகிறார்கள். நமக்குக் காலை ஆறு மணி என்றால் கோடையில் அங்கே முந்தைய நாள் மாலை ஐந்தரை, நல்ல வெளிச்சம். செப்டம்பரில் சின்னூக் சால்மன், ஜூனில் ஷாட் மீன். ஷாட் நம் உல்லத்துக்கு, அதாவது ஹில்சாவுக்கு, சொந்தக்காரன். உல்லம் ஒரு காலத்தில் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்துகொண்டிருந்தது. 1934இல் மேட்டூரில் 214 அடிச் சுவர் எழுந்தது; அதில் மீனுக்கு ஏணி வைக்கவில்லை.

பான்வில் மீன் ஏணியின் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் ஒரு மீனை மட்டும் தொடர்ந்து பாருங்கள். வரும், நிற்கும், வாலை மட்டும் அசைத்து ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டே இருக்கும், பிறகு மெல்லப் பின்னால் சறுக்கித் திரையிலிருந்து மறையும். சற்று நேரத்தில் அதே போன்ற ஒன்று மீண்டும் வரும். புதிய மீனா, பழைய மீனா? எண்ணுகிறவர்கள் இதற்காகவே ஏறியதைக் கூட்டி, இறங்கியதைக் கழிப்பார்கள். உங்கள் பிள்ளைகளின் நோட்டிலும் நேரம், உருவம், போன திசை என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். மீன் வராத இருபது நிமிடத்தையும் எழுத வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஏரியில் மீன் பார்த்தபோது நான் வெறும் நாள்களை எழுதாமல் விட்டேன். பிறகு கணக்குப் பார்த்தால் அந்த ஏரியில் தினமும் மீன் துள்ளியதுபோல் இருந்தது!

இனி நெடுங்கல். நேராகச் சொல்கிறேன், அங்கே கேமரா வைப்பது வீண். மீன் ஏணியில் கேமரா வேலை செய்வதற்குக் காரணம், எல்லா மீனும் ஒரே குறுகலான சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே கண்ணாடி, பின்னால் வெளிர் நிறப் பலகை, மேலே விளக்கு. நெடுங்கல்லில் தண்ணீர் அணைக்கட்டின் நீளம் முழுவதும் வழிகிறது. மீன் எந்த இடத்திலும் முட்டிப் பார்க்கும். உங்கள் கேமரா கைநீளத் தூரத்தைத்தான் பார்க்கும். அதுவும் மீன் ஏறுவது புதுவெள்ளத்தில்; அப்போது தென்பெண்ணை டீ நிறத்தில் ஓடும். அதே ஆற்றில் மேலே கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கும் செய்தியும் நீங்கள் படித்ததுதான். ஒகேனக்கல் பக்கம் ஆசைப்பட்டால் அது இன்னும் கடினம்: 2022இல் அறிவித்த காவேரி தெற்கு காட்டுயிர் சரணாலயம் அந்தப் பக்கம் இருக்கிறது, வனத்துறை அனுமதி வேண்டும். ஆற்றில் முதலையும் உண்டு, ஆகவே கையைத் தண்ணீரில் விடும் சோதனை எதுவும் வேண்டாம்.

பதிலாக, உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழியும் நாளுக்குக் காத்திருங்கள். சின்ன வயதில் நான் அப்பாவுடன் மீன் பிடிக்கும் தூரி தூக்கிக்கொண்டு போன இடம் அது. கோடிக்குக் கீழே, முழங்கால் ஆழத் தண்ணீரில் கெண்டைப்பொடி வரிசையாக ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். ஒன்று கல்லுக்குக் கல் எகிறும், விழும், மறுபடி அதே கல்லுக்கு வரும். விரலளவு மீன், அதற்கு அது மேட்டூர் அணை. கெளுத்தியும் ஆரலும் வருவது பெரும்பாலும் இருட்டில். ஊரில் இதைத்தான் 'ஏத்து மீன்' என்பார்கள். மேலேயிருந்து பார்க்கப் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, கண்ணாடித் துண்டைச் சிலிக்கான் பசையால் ஒட்டிக்கொள்ளுங்கள். வாளியின் அடிப்பக்கம் தண்ணீரில் தொடும்படி அழுத்தினால் மேற்பரப்பின் பளபளப்பு மறைந்து உள்ளே தெரியும். ஓட்டம் முழங்காலைத் தாண்டினால் கரையிலேயே நிற்கட்டும். பெரியவர் ஒருவர் உடன் வராமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

முதல் மழையில் மீன் வந்தால் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பெயர் தெரியாததற்கு மீசையும் முதுகுத் துடுப்பும் தெரியும்படி படம் வேண்டும். வாலை மட்டும் எடுத்து அனுப்பி என்ன மீன் என்று கேட்டால் என்னாலும் சொல்ல முடியாது.