ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு: கோழிக்கு வரும் மரெக் வருத்தம்

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீட்டோடு முட்டைக் கோழி வளர்க்கிறேன். மூன்று மாதப் பெட்டைகள் மெலிந்து, ஒரு காலை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் நீட்டியபடி விழுகின்றன. விற்றமின் கொடுத்தும் எழும்பவில்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஈரல் பெருத்து, வெள்ளைக் கட்டிகள். புற்றுநோய் என்கிறார்கள். அது தொற்றுமா? முன்னர் அறுத்த கோழியைப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

பதில்: முதலில் பிள்ளைகள் விஷயம். பயப்படாதீர்கள் தம்பி, இந்த வருத்தத்தைத் தரும் வைரஸ் மனிதருக்குத் தொற்றுவதில்லை. அதற்காக விழுந்த கோழியைச் சட்டிக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். வேறு கிருமிகளும் சேர்ந்திருக்கலாம்.

நீங்கள் சொல்லும் குறிகள் மரெக் நோய்க்கு உரியவை. 1907இல் ஹங்கேரிக் கால்நடை வைத்தியர் யோசெப் மரெக் முதலில் விவரித்த வருத்தம் இது. இனி ஒரு கோழி செத்தால் தொடையின் உட்பக்கத் தசையை விலக்கிப் பாருங்கள். அங்கே வெள்ளை நரம்பொன்று ஓடும். நல்ல நரம்பில் மெல்லிய குறுக்கு வரிகள் மினுங்கும். நோய் பிடித்த காலில் அது தடித்து, மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாகி, வரிகள் மறைந்துபோயிருக்கும். இரண்டு காலையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். விற்றமின் பி2 குறைந்தால் வரும் வாதத்தில் விரல்கள் உள்ளுக்குச் சுருளும், ஈரலில் கட்டி வராது. ஆனால் ஈரலில் கட்டி வைக்கிற வேறு வைரஸும் உண்டு. ஆகவே பிரதேசக் கால்நடை வைத்தியரிடம் ஒரு கோழியைக் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

தொற்றுவது புற்றுநோயல்ல, அதைக் கிளப்பிவிடும் ஹெர்பிஸ் வைரஸ். நம்மவர்க்கு அம்மாள் வருத்தம் தரும் வைரஸும் இந்தக் குடும்பந்தான், ஆனால் அது கட்டி வைக்காது. ஒரு கலம் பெருக வேண்டுமென்றால் வெளியிலிருந்து கட்டளை வரவேண்டும். அது புரதத்துக்குப் புரதம் கைமாறி உட்கருவை அடையும். அங்கே சி-ஜுன் என்ற புரதம் ஒரு துணையோடு சேர்ந்து மரபணுவில் அமர்ந்து, வளர்ச்சியைத் தொடக்கிவைக்கும். கட்டளை நின்றால் அதுவும் அடங்கும். மரெக் வைரஸ் ‘மெக்’ என்றொரு புரதத்தைச் செய்கிறது. அது சி-ஜுனைப் பிடித்து ஜோடியாகி, கட்டளை வராமலே பெருக்கத்தை நடத்துகிறது. உன்னிச்சைக் குளத்தில் துருசைப் பூட்டிய பிறகும் யாரோ கட்டை கொடுத்துத் திறந்துவைத்த கதை. பழுதான கலத்தைச் சாகச் சொல்லும் பி53 புரதத்தையும் மெக் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கெட்டுப்போன வெள்ளைக் குருதிக் கலங்கள் நரம்பிலும் ஈரலிலும் குவிவதைத்தான் நீங்கள் கண்டீர்கள். மெக் மரபணுவை நீக்கிய வைரஸ் கோழிக்குள் பெருகினாலும் கட்டி வைப்பதில்லை என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

மனிதரில் 1964இல் கண்டறிந்த எப்ஸ்டீன்-பார் வைரஸும் கலச் சமிக்ஞையைக் குழப்பும். அதன் எல்எம்பி1 புரதம் கலத்தின் மேலுறையில் இருந்துகொண்டு, ஓயாமல் ‘வளர்’ என்று சொல்லும். பெரியவர்களில் அநேகமானோரிடம் அந்த வைரஸ் உண்டு, புற்றுநோய் வருவது மிகச் சிலருக்கே.

விழுந்த கோழிக்கு மருந்தில்லை. விற்றமினுக்குச் செலவழிக்க வேண்டாம், அவற்றைக் கழித்துச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், வாவியில் எறியாதீர்கள். வைரஸ் இறகின் வேரில் முற்றி, பொடுகோடு உதிர்ந்து, கூட்டுத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகாது. அடைக்கோழி பொரித்த குஞ்சும் சுத்தமாகத்தான் பிறக்கிறது, பிறகு தாயின் தூசியைச் சுவாசித்து வாங்கிக்கொள்கிறது.

இதற்குத் தடுப்பூசி உண்டு. வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸைக் கொண்டு 1970 அளவில் உருவாக்கியது, எந்த உயிரினத்திலும் புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசிகளில் ஒன்று. பொரித்த அன்றே கழுத்துத் தோலுக்குக் கீழே போட வேண்டும், மூன்று மாதக் கோழிக்குப் போட்டுப் பயனில்லை. குஞ்சு வாங்கும்போது மரெக் ஊசி போட்டதா என்று கேளுங்கள். விலை மலிவென்று ஊசியில்லாக் குஞ்சை எடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். இந்த ஊசி கட்டியைத்தான் தடுக்கும், தொற்றையும் வைரஸ் உதிர்வதையும் முழுதாக நிறுத்தாது. அதனால் பழைய கோழிகளோடு புதுக் குஞ்சை விடாதீர்கள், முதல் இரண்டு கிழமை மிக முக்கியம். புதுக் குஞ்சைக் கொண்டுவருவதற்கு முன் பழைய உமியை அள்ளி எரித்து, கூரைச் சிலாகையில் படிந்த தூசிவரை கழுவி, கிருமிநாசினி தெளித்து, கூட்டைச் சில கிழமைகள் வெறுமையாக விடுங்கள்.