ஒருமுறை நட்டால் பல ஆண்டு பூக்கும், டெய்சி போன்ற வண்ணப்பூச்செடி எது?

ஜெர்பராவைத்தான் சொல்வேன். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், வெள்ளை என நீலம் தவிர ஏறக்குறைய எல்லா நிறத்திலும் உண்டு. பூங்கொத்தில் மட்டுமே பார்த்துப் பழகியதால் பலர் இதை வீட்டில் வளர்க்கவே முடியாது என்று நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பார்பர்டன் என்ற ஊரைச் சுற்றிய பகுதிகளில் தானாக வளரும் செடி இது. பார்பர்டன் டெய்சி என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

நடும்போது ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: குருத்து, அதாவது இலைகள் கிளம்பும் நடுப்பகுதி, மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். நான் முதலில் வாங்கிய மூன்று செடிகளையும், ஆடாமல் நிற்கட்டும் என்று கழுத்துவரை மண் அணைத்து நட்டேன். ஒரு மாதத்துக்குள் இலைகள் துவண்டன. லேசாக இழுத்ததும் செடி கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பாகிக் கொழகொழவென்று அழுகியிருந்தது. இலைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் அந்த நடுவில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். இப்போது குருத்து மண்மட்டத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே தெரியும்படி நடுகிறேன், தண்ணீரையும் ஓரமாகத்தான் ஊற்றுகிறேன். வேர் ஆழமாக இறங்கும் என்பதால் தொட்டி ஆழமாக இருக்கட்டும், தண்ணீர் வடியும் மண்ணாக இருக்கட்டும்.

காலை வெயில் நன்றாகப் பட வேண்டும். உச்சி வெயில் கடுமையாக இருந்தால் கொஞ்சம் நிழல் கொடுங்கள். உறைபனி விழும் இடமென்றால் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் உள்ளே எடுத்துவிடுங்கள். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் காரத்தன்மை கூடினால் இப்படி ஆகும்.

பூ விரிந்ததும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ! நடுவில் இருக்கும் வட்டமும் நெருக்கமாக அடுக்கிய சின்னச் சின்னப் பூக்கள்தான். அவை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக மலரும். இதைப் பார்க்கவே தினமும் காலையில் செடியருகே போய் நிற்பேன்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் தூர் அடர்ந்து பூ சிறுத்துவிடும். அப்போது தோண்டி, வேரோடு பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டால் அதே நிறத்தில் புதுச் செடிகள் கிடைக்கும். விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடியின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது.

அப்புறம், பூவைக் கத்தரிக்காதீர்கள். மிச்சமாகும் காம்பு அழுகி, அழுகல் குருத்துக்குள் இறங்கும். காம்பின் அடியைப் பிடித்து லேசாகத் திருகிப் பக்கவாட்டில் இழுத்தால் சுத்தமாக வந்துவிடும். ஜாடியில் வைக்கும்போது மட்டும் காம்பின் அடிநுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, அந்த அடி மட்டும் நனையும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள்.